சிப் காட்டிய சூடு

மேசையில் பிரித்துக் கிடந்த லெப்டொப் பற்றரியின் சூடு 39.4 பாகை என்று திரை காட்டியது. நிமலன் விரலால் தொட்டுப் பார்த்தான். பற்றரி குளிர்ந்திருந்தது.

மத்தியானத்திலிருந்து மாத்தளையில் மழை. அவனுடைய பழுதுபார்க்கும் மாடிக் கடையின் தகரக் கூரையில் அது ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, கீழே வீதியில் இரத்தோட்டை பஸ்ஸின் ஹோர்ன் நனைந்த குரலில் எழுந்து அடங்க, ஈயப் புகையும் ஈரச் சுவரின் பூஞ்சண வாடையும் அறைக்குள் கலந்து நின்றன. பலகைத் தடுப்புக்கு அப்பால் பாயில் அவன் மகள் ஹம்சிகா காய்ச்சலோடு படுத்திருந்தாள். அவள் மூச்சு இங்கே கேட்டது.

பற்றரியின் பழைய செல்களைக் கழற்றிப் புதியவற்றை ஒட்டியாயிற்று. ஆனால் உள்ளே இருந்த சிப், பழைய செல்கள் செத்ததை மறக்கவில்லை. மின்சாரத்தை ஏற்க மறுத்தது. லெப்டொப்பும் சிப்பும் பேசிக்கொள்வதை மூன்று நாள் பதிவு செய்து, அதிலிருந்து சாவி எழுத்துகளைப் பிடித்து, இன்றுதான் அதைத் திறந்திருந்தான். பழுதுக் குறியை அழித்தான். அதன் பிறகுதான் இந்தச் சூடு.

மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினான். 39.4. பற்றரியின் சூட்டை உணரும் சிறு மணியில் ஈரத்துணி வைத்தான். 39.4.

கைப்பேசி அடித்தது. கண்டியில் வேலைக்குப் போயிருந்த மனைவி பிரவீனா.

"புள்ளைக்கு எப்படிங்க இருக்கு?"

"பனடோல் குடுத்தேன். தூங்குது."

"அளந்து பாத்தீங்களா? பற்றரின்னா மட்டும் நிமிசத்துக்கு நிமிசம் பாப்பீங்க. போன தடவ மாதிரி வலிப்பு கிலிப்பு வந்துச்சு, நான் செத்தே போயிருவேன்."

"இந்தா, இப்பவே பாக்குறேன்."

வெப்பமானியை மகளின் அக்குளில் வைத்தான். 39.4.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டான். மேசைக்கு வந்தபோது திரையில் 39.9. திரும்பி ஓடினான். வெப்பமானியிலும் 39.9.

அவன் பார்த்திருக்கவே அது ஏறியது. 40.2. ஹம்சிகாவின் கால் விரல்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. கண்கள் மேலே செருகின.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். அவன் மேசைக்கு ஓடினான். சிப்புக்குள் ஒரு திருத்த எண் உண்டு. மணி சூட்டைப் பிழையாகக் காட்டினால் கூட்டவும் கழிக்கவும் வைத்த இடம். அதில் 3.2 பாகை குறைத்து எழுதினான்.

37.0.

தடுப்புக்கு அப்பால் மூச்சு சீரானது.

"அப்பா, தண்ணி."

நெற்றியைத் தொட்டான். வியர்த்திருந்தது. அவள் கோப்பை முழுவதையும் குடித்தாள். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

வந்து உட்கார்ந்து வேலையை முடித்தான். வேலை முடிந்த சிப்பை அவன் பூட்டாமல் விடுவதில்லை. கண்டிக் கடைக்காரர்கள் திறந்து பார்த்துத் தன் வழியைத் திருடக்கூடாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தோன்றிய எட்டு எழுத்தைத் தட்டிப் புதுச் சாவி வைப்பான். எங்கும் குறித்து வைக்க மாட்டான். தனக்கே தெரியாத சாவி. கை தானாகத் தட்டியது. சிப் பூட்டிக்கொண்டது.

36.5.

நிமிர்ந்தான்.

35.1.

பழைய சாவி. மறுத்தது. நினைவுக்கு வந்த எழுத்துகள். மறுத்தது. விரல்கள் எப்படிப் போயின? இடமிருந்தா? வலமிருந்தா? 33. மறுத்தது. கம்பியைப் பிடுங்கினான். எண் நிற்கவில்லை. 29. 26.

24.0.

அங்கே நின்றது. அறையின் சூடு. மேசையின் சூடு.

தடுப்புக்கு அப்பால் மூச்சுச் சத்தம் இல்லை.

"அப்பா."

ஹம்சிகா எழுந்து ஜன்னலருகே நின்றிருந்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள். கண்ணாடியில் வாயை வைத்து ஊதினாள். விலகிப் பார்த்தாள். இன்னும் நெருங்கி, வாயை அகலத் திறந்து, நெடுநேரம் ஊதினாள். கண்ணாடி துடைத்தது போல இருந்தது.

"படம் வரையணும்ப்பா. ஒண்ணுமே வர மாட்டேங்குது."

அவள் பின்னால் போய் நின்றான். அவன் மூச்சுப் பட்ட இடத்தில், அவள் தலைக்கு மேலே, கண்ணாடி வெளுத்தது.

அவள் எம்பி நின்று அதில் இரண்டு கண்கள் வரைந்தாள். வாய் வரைவதற்குள் ஆவி கலைந்துவிட்டது.

"இன்னும் ஊதுங்கப்பா," என்றாள், தன் சின்னக் கையால் அவன் கையைப் பிடித்து இழுத்து.