ஆமிக்காரனின் நூல்

பிரேமினி கிணற்றுக்கட்டில் தடுக்கி விழுந்தாள். முழங்கால் சிமெந்தில் உரசிய சத்தம் யூலிற்றாவுக்குக் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கினாள். மகளின் காலில் ஒரு கீறலும் இல்லை. விழாத யூலிற்றாவின் முழங்காலில்தான் தோல் உரிந்து, இரத்தம் கணுக்கால்வரை வடிந்துகொண்டிருந்தது.

மகளின் மணிக்கட்டில் வெள்ளை நூல். அதில் ஒரு செப்புத் தாயத்து. போன கிழமை முள்ளிவாய்க்கால் கரையில் பிணமாய் ஒதுங்கிய ஆமிக்காரர்களில் ஒருவனிடமிருந்து அவள் புருஷன் மத்தேயு கழற்றியது. மற்றவர்கள் சிதைந்து கிடக்க, அவன் மட்டும் நித்திரை கொள்பவன்போலக் கிடந்தானாம்.

"அவனும் செத்துத்தானேயப்பா கிடந்தவன்?" என்று அன்று யூலிற்றா கேட்டாள்.

"கடல்தானடி கொண்டது, குண்டு தொடேல்லை. கழுத்தில மாதாவின்ர உத்தரியம் போட்டும் எங்கட வின்சன் ஷெல்லில போயிட்டான். இதையும் ஒரு தாய்தான் கட்டியிருப்பா."

மூத்த மகனின் பெயரைக் கேட்டதும் யூலிற்றா நூலை வாங்கினாள். முடிச்சை அவளே போட்டாள்.

முழங்கால் இரத்தத்தைக் கழுவுமுன் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. ஈரமணலும் பனங்குற்றியும் மணக்கும் பங்கர்க் குழிக்குள், மத்தேயு மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையிலும், யூலிற்றா மறுமூலையிலும் குந்தியிருக்க, அந்த இரைச்சல் பல்லின் வேர்வரை இறங்கியது. நிலம் எழும்பி விழுந்தது.

தூசி அடங்கியபோது மத்தேயுவின் நெஞ்சு திறந்து கிடந்தது. அவன் மடியில் பிரேமினி. வெள்ளைச் சட்டையில் ஒரு துளி இரத்தம் இல்லை.

"அப்பா ஏன் சூடாயிருக்கிறார்?"

அப்போதுதான் யூலிற்றாவுக்கு விளங்கியது. ஆமிக்காரனுக்கு வந்த காயமெல்லாம் பக்கத்தில் நின்றவர்களில் இறங்கியிருக்கிறது; அவர்கள் இருந்தவரைக்கும் அவன் சாகவில்லை.

மீன்கத்தியை நூலுக்கடியில் கொடுத்து இழுத்தாள். நூல் அறுபடவில்லை. அவளுடைய மணிக்கட்டுப் பிளந்தது. மறுபடி இழுத்தாள். எலும்பு தெரிந்தது. நூல் அப்படியே. வெள்ளையாக.

பொம்மர் திரும்பி வந்தது.

"அம்மா, தூக்குங்கோ." பிரேமினி தவழ்ந்து வந்தாள். பக்கத்தில். இன்னும் பக்கத்தில்.

வாசலில் நிழல். அடுத்த வளவு நிறஞ்சனா, கைக்குழந்தையோடு உள்ளே குதித்தாள்.

"ஐயோ, மத்தேயு அண்ணை! அக்கா, உங்கட கை..." அவள் கண் பிரேமினியில் நின்றது. "மாதாவே, இவளுக்கு ஒண்டுமில்லை! இவளுக்குப் பக்கத்தில இருக்கட்டும் என்ர பிள்ளை."

குழந்தையைப் பிரேமினியின் மடியில் வைத்தாள்.

யூலிற்றா வாயைத் திறந்தாள்.

பொம்மர் குண்டு போடக் கீழே பதிந்தது.

வாயை மூடினாள். சுவரோடு உரசி, மெல்லப் பின்னால் நகர்ந்தாள்.

குழந்தை வெள்ளை நூலைப் பிடித்திழுத்துச் சிரித்தது.