அக்னெஸின் ஊருக்கு வேலி

புதன்கிழமை மாலை, சாருஜாவின் வீட்டுக் குசினி மேசையில் ஓர் ஊர் விரிந்து கிடந்தது.

அது அக்னெஸின் ஊர். இந்தோனேசியாவின் கிழக்கே, ஒரு சின்னத் தீவின் கரையில் இருக்கிறது. இருபத்தேழு வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு கிணறு, மணலில் இழுத்துவிட்ட ஏழு வள்ளங்கள், எங்கு பார்த்தாலும் தென்னைகள். எல்லாமே பென்சிலால் வரைந்த படம். ஒவ்வொரு தென்னையின் கீழும் ஒரு சின்ன எழுத்து இருந்தது. அது எதற்கு என்று சாருஜா யோசிக்கவில்லை.

சாருஜாவும் அக்னெஸும் மொன்ட்ரியால்-நோரில் ஒரே பள்ளியில், ஐந்தாம் வகுப்பில் படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து வகுப்பில் ஓர் ஊரைப் பற்றிப் பேச வேண்டும். சாருஜா பிறந்ததே மொன்ட்ரியாலில். அக்னெஸ் தன் அம்மாவுடன் இங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதனால் அக்னெஸின் ஊர் என்று முடிவாயிற்று.

"கடலுக்கு மட்டும் நிறம் தீட்டு. வேறு எதையும் தொடாதே" என்று சொல்லித்தான் அக்னெஸ் படத்தைக் கொடுத்திருந்தாள்.

சாருஜா கடலுக்கு நீலம் தீட்டி முடித்தாள். அப்போது அப்பா கணேசலிங்கம் தேநீருடன் வந்து எட்டிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை, வேலியளைக் காணேல்லையே?"

"அக்னெஸ் மறந்திட்டாள் போல."

"வேலி இல்லாமல் ஒரு ஊரோ? எந்தக் காணி ஆருடையது எண்டு எப்பிடித் தெரியும்? யாழ்ப்பாணத்திலை அரை முழக் காணிக்கு எங்கட ஐயா பதினொரு வருசம் கோட்டுக்குப் போனவர்."

"வெண்டவரோ?"

"எங்கை! தீர்ப்பு வர முந்தி வேலியைக் கறையான் திண்டிட்டுது."

சாருஜா சிரித்தாள். பிறகு கறுப்பு மார்க்கரை எடுத்தாள். அக்னெஸ் மறந்ததை முடித்துக் கொடுத்தால் எவ்வளவு சந்தோசப்படுவாள்! ஒவ்வொரு வீட்டையும் சுற்றி வேலி போட்டாள்.

"கடற்கரைப் பக்கமும் அடை பிள்ளை. மாடு பூந்திடும்."

"கடலிலை இருந்தோ மாடு வரும்?" என்று அடுப்படியில் நின்ற அம்மா செல்வமலர் கேட்டார்.

மாடு வருமோ வராதோ, சாருஜா கரையோரமும் ஒரு நீள வேலி போட்டாள். அந்தப் பக்கம் ஒரு தென்னை கடலை நோக்கிச் சாய்ந்து நின்றது. அதன் மேலேயே தடித்த கோடு போயிற்று.

வியாழக்கிழமை காலை அக்னெஸ் படத்தை விரித்தாள். அவள் கண்கள் கறுப்புக் கோடுகள் வழியே ஓடின.

"வேலி" என்றாள் சாருஜா. "நீ மறந்துவிட்டாய், நான் போட்டேன்."

அவர்கள் இருவரும் பிரெஞ்சில்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் அக்னெஸ் இப்போது பேசிய குரல் சாருஜா கேட்டறியாத குரல்.

"எங்கள் ஊரில் வேலி இல்லை."

"இல்லையா?"

"மண் ஒருவருடையது. அதில் நிற்கும் மரம் வேறொருவருடையது. நட்டவருக்குத்தான் மரம். இதோ பார், எங்கள் தென்னை இந்த வீட்டு முற்றத்தில் நிற்கிறது. கிணற்றடித் தென்னையும் எங்களுடையது. தேங்காய் விழுந்தால் அப்பா போய் எடுத்து வருவார். இந்த எழுத்தெல்லாம் மரத்துக்காரரின் பெயர்." அவள் விரல் கறுப்புக் கோட்டில் முட்டி நின்றது. "இப்போது அப்பா எப்படிப் போவார்?"

சாருஜாவுக்குக் காது சுட்டது.

அக்னெஸின் விரல் மெதுவாகக் கரையோர வேலிக்குப் போனது. "இதற்குக் கீழே என் மரம் இருந்தது. நான் பிறந்த அன்று அப்பா நட்டது. இந்தப் படத்தையும் அவர்தான் ஊரிலிருந்து வரைந்து அனுப்பினார்."

"அப்பாவிடம் இன்னொரு படம் வரைந்து அனுப்பச் சொல்லலாமே?"

"வரைவார். ஆனால் இதை அந்த மரத்தின் கீழே இருந்துதான் வரைந்தார். போன மழைக்காலத்தில் கடல் வந்து அதை வேரோடு கொண்டுபோய்விட்டது." அக்னெஸ் படத்தைச் சுருட்டினாள். "தொடாதே என்று சொன்னேனே."

அன்று பள்ளி முடிந்ததும் அக்னெஸ் தனியாகப் போனாள். சாருஜா உருகிய பனிச் சேற்றில் சப்பாத்தை இழுத்து இழுத்து நடந்தாள்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான்தான் பிழை விட்டனான். கேளாமல் ஒரு ஊரையே அடைக்கச் சொல்லிப் போட்டன்."

"மார்க்கர் என்ரை கையிலைதானே இருந்தது" என்றாள் சாருஜா. அழுகை வந்தது.

அம்மா அவள் தலையைத் தடவினார். "உங்கட ஐயா வழக்காடின வேலியிலேயே ஒரு பொட்டு இருந்தது. ஞாபகம் இருக்கே?" என்று அப்பாவைக் கேட்டார்.

"பொட்டெண்டால்?" என்றாள் சாருஜா.

"வேலியிலை ஆக்கள் பூந்து போற ஓட்டை. ஆம்பிளையள் கோட்டுக்குப் போக, பொம்பிளையள் அதாலைதான் கறி மாத்தினவை. உன்ரை அப்பாவும் அந்தப் பொட்டடியிலை நிண்டுதான் பக்கத்து வீட்டுப் பெட்டையைப் பாத்தவர்."

"ஆரந்தப் பெட்டை?"

"சோத்தைத் தின் பிள்ளை" என்றார் அப்பா. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சாருஜா சிரிக்கவில்லை. யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை மணி அடிக்க இருபது நிமிடம் முன்னதாகவே அவள் வகுப்பு வாசலில் நின்றாள். கையில் பிழைகளை மறைக்கும் வெள்ளை மைப் பேனை. அக்னெஸ் வந்ததும் அதை அவளிடமே நீட்டினாள்.

"நான் படத்தைத் தொட மாட்டேன். நான் செய்தது பிழை. நேற்றே சொல்லியிருக்க வேண்டும்."

அக்னெஸ் பேனையைப் பார்த்தாள். "இவ்வளவு வேலியையும் இதால் அழிக்க முடியாது."

"முடியாது. ஆனால் எங்கள் ஊர் வேலியில் பொட்டு என்று ஒன்று உண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் புகுந்து போகிற ஓட்டை. உன் அப்பா தன் மரத்துக்குப் போகிற இடத்தில் எல்லாம் ஒன்று வைக்கலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம்."

அக்னெஸ் தரையில் உட்கார்ந்து படத்தை விரித்தாள்.

"இங்கே ஒன்று" என்று வெள்ளை வைத்தாள். "இங்கே ஒன்று. கிணற்றுக்கு எல்லோரும் வருவார்கள், அங்கே பெரிதாக ஒன்று. இந்த மாமி குண்டு, இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும்."

சாருஜா எண்ணினாள். முப்பத்தொரு பொட்டுகள்.

கடைசியில் கரையோர வேலிதான் மிஞ்சியது. அதன் கீழே மரம் இருந்த இடத்தில் கறுப்பு மட்டுமே தெரிந்தது.

"அதன் மேல் வெள்ளை பூசி, மரத்தைத் திரும்ப வரையலாமா?" என்று சாருஜா மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம். அப்பா வரைந்த மரம் அதற்குக் கீழேதான் நிற்கிறது."

"மன்னித்துக்கொள், அக்னெஸ்."

"இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்" என்றாள் அக்னெஸ். ஆனால் பேனையின் மூடியைத் தேடிப் போட்டுச் சாருஜாவின் கையில் வைத்தாள்.

மணி அடித்தது. வகுப்பில் இருவரும் படத்தை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்னெஸ் ஊரைப் பற்றிச் சொன்னாள். வேலியையும் பொட்டையும் பற்றிச் சாருஜா சொன்னாள். யார் வேலி போட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

ஆசிரியை படத்தின் அருகே குனிந்தார். "எல்லா வேலியிலும் வழி இருக்கிறது. கடற்கரை வேலியில் மட்டும் ஏன் இல்லை?"

சாருஜா தலையைக் குனிந்துகொண்டாள். அக்னெஸ்தான் பதில் சொன்னாள்.

"அந்தப் பக்கம் கடல் இருக்கிறது, மேடம். அதற்கு நாங்கள் பொட்டு வைக்கவில்லை."