ஜெயஸ்ரீயைக் காணாத பாய்

ஆடி ஞாயிறு மதியம், சிட்லபாக்கத்தில் லோகநாயகி அப்போதுதான் கூடத்தைத் துடைத்து முடித்திருந்தார். ரயில்வேயில் திருட்டுக் கேஸ்களை விசாரித்து ஓய்வு பெற்றவர். திருடனைக்கூட மன்னிப்பார், ஈரத் தரையில் நடப்பவர்களை மன்னிக்க மாட்டார். உதவி கேட்டு வந்த பெண் ஷூவை வாசலிலேயே விட்டாள். ஆனால் வியர்வையில் ஊறிய சாக்ஸோடு உள்ளே வந்து, வெள்ளைத் தரையில் மஞ்சளாகத் தடம் பதித்தாள்.

“ஐயோ, இப்பத்தானே துடைச்சேன்!”

“மன்னிச்சுக்கங்க மேடம். காலெல்லாம் கொப்பளம், சாக்ஸ கழட்ட முடியல. என் பேரு ஜெயஸ்ரீ, கோவளம் பக்கம் மீன்காரங்க குடும்பம். பக்கிங்காம் கால்வாய்க் கரையோட அறுபது கிலோமீட்டர் ஓடி முதல்ல வந்தேன். ஏமாத்திட்டேன்னு சொல்லிக்கினு கீறாங்க.”

“எதை வெச்சு?”

“யாரு எப்ப தாண்டினாங்கன்னு தெரிய ஷூ லேஸ்ல சிப்பு கட்டுவாங்க. பாதி வழியில அம்மன் கோயில் எதுருல பாய் போட்டிருந்தாங்க. அத்தத் தாண்டினா பீப்னு கத்தி மிஷின்ல நம்ம பேரு ஏறும். என் பேரு ஏறல. அங்க நின்ன பையனும் என்னப் பாக்கலன்றான். சாயந்தரம் மாநில டீமுக்குப் பேரு போவுது மேடம். இப்ப வுட்டா எங்க குப்பத்துல எப்டித் தலை நிமுந்து நடப்பேன்?”

கேஸ் என்றால் கூப்பிடாமலே வந்துவிடும் பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கன் அதற்குள் ஆஜர். “மேடம், ஷேர் ஆட்டோ! கோயில் வர்றதுக்கு முன்னாடியே மெயின் ரோட்டுக்குப் போய் ஏறியிருப்பா.”

“சார், கொஞ்ச நேரம் சும்மா இருங்க.”

லோகநாயகி வாசலுக்குப் போய் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அடியில் கறுப்புச் சேறு. உள்ளே மஞ்சள். ஜெயஸ்ரீயிடம் நம்பர் வாங்கி, ஓட்டத்தை நடத்திய ராஜகோபாலுக்குப் போன் போட்டார். “அந்தப் பாயையும் பையனையும் கூட்டிட்டு வாங்க.”

ராஜகோபால் ஷூவைக் கழற்றிவிட்டு, சுருட்டிய பாயும் மிஷினுமாக உள்ளே வந்தார். பின்னால், பாய்க்குக் காவல் நின்ற மகேஷ்.

“பாயை விட்டு நகரவே இல்ல மேடம்,” என்றான் மகேஷ். “காலைலேர்ந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல.”

“அப்போ பல்லுல முருங்கைக்கீரை எப்படிப்பா வந்துச்சு?”

மகேஷ் வாயை மூடிக்கொண்டான். “கோயில்ல கூழ் ஊத்தினாங்க... கீரையும் வெச்சாங்க. கொஞ்ச நேரந்தான் போனேன்.”

“நல்லா வேலை பார்த்தே போ! பாய் போட்ட இடத்துல தரை எப்படி இருந்துச்சு?”

“அபிஷேகத்து மஞ்சத்தண்ணி ஓடி ஒரே சகதி மேடம்.”

“கோயிலுக்கு ஆட்டோ போகுமா?”

“ரோடே கிடையாது. கரையிலதான் நடந்து வரணும்.”

“கேட்டீங்களா ராஜகோபால்? ஷூவோட மிதிச்சிருந்தா மஞ்சள் ஷூவுக்கு அடியிலதான் இருக்கும். இவளுக்குச் சாக்ஸ்ல இருக்கு. கோயில் வாசலைத் தாண்டியிருக்கா, ஷூ இல்லாம.”

“ஆமா மேடம்,” என்றாள் ஜெயஸ்ரீ. “அம்மன் எதுருல ஷூ போட்டுக்கினா ஓடுவாங்க? கையில தூக்கிக்கினு தாண்டினேன்.”

லோகநாயகி தலையில் அடித்துக்கொண்டார். “இதை ஏம்மா முதல்லயே சொல்லல?”

“இதெல்லாமா மேடம் சொல்லுவாங்க?”

“ஏமாத்திட்டேன்னு நாங்க சொன்னப்போகூடத் தோணலியாக்கும்!” என்றார் ராஜகோபால்.

“நீங்க ஷூவை எங்க விட்டீங்க?” என்று கேட்டார் லோகநாயகி.

“வாசல்ல.”

“உள்ள வந்ததும் அதைச் சொன்னீங்களா?”

ராஜகோபால் பாயை விரித்து மிஷினை இணைத்தார். ஜெயஸ்ரீ தன் ஷூவை எடுத்துவந்து, தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சத்தமில்லை. காலடியில் தாழ்த்திப் பிடித்துத் திரும்பி நடந்தாள். பீப்!

ராஜகோபால் போனை எடுத்தார். “முதல் பேரு ஜெயஸ்ரீதான், அனுப்புங்க. தப்பு என்னுது. சாமிக்கு எதிர்ல பாயைப் போட்டுட்டேன்.”

ஏமாற்றுக்காரி என்றபோது அழாத பெண், இப்போது தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். லோகநாயகி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறகு தரையைப் பார்த்தார். மஞ்சள், கால்வாய்ச் சேறு, பாயிலிருந்த மண், எல்லாம் சேர்ந்து கூடம் நாறிக் கிடந்தது.

மாப்பை எடுத்துக் கஸ்தூரிரங்கனிடம் நீட்டினார்.

“ஷேர் ஆட்டோ சார், பிடிங்க.”