ஊற்றுக்கண்

பொழுது விடிந்ததிலிருந்து, சோலை ஊற்றிலிருந்து வீட்டுக்கு வரும் மூங்கில் குழாயில் தண்ணீர் விக்கி விக்கி விழுந்தது. யாரோ மேலே உட்கார்ந்து ஒவ்வொரு மிடறாகக் குடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே விடுவது போல. சாயங்காலம் மலையூரான பேத்துப்பாறையில் பனிமஞ்சு இறங்கியபோது அதுவும் நின்றுபோனது.

சேனாதிபதி சொம்பை மோந்து பார்த்தார். ஈரக் கம்பளி வாடை. அடியில் ஒரு கறுப்பு மயிர்.

உள்ளே அவர் மனைவி குப்பம்மாள் சுருண்டு கிடந்தாள். நேற்றிலிருந்து வாந்தியும் பேதியும். கண் குழிக்குள் போய், உதடு வெடித்து, தண்ணி தண்ணி என்று ஒரே முனகல்.

"மாமா, ஊர்க் கெணத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடுங்க. அத்தைய வாரிக் குடுத்துறாதீங்க," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அன்னக்கொடி.

"கவருமெண்டுக்காரன் வெள்ளப் பொடியக் கொட்டுன கெணறா? எம் மாடுகூட அத மோந்து பாக்காது."

"ஆமா, ஒங்க மாட்டுக்கும் ஒங்க மூக்குதான். நாங்கள்லாம் அதக் குடிச்சு உசுரோடதான கெடக்கோம்?"

சேனாதிபதி சொம்பைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். பொடி போட்ட நாளிலிருந்து அவர் வீட்டில் ஊற்றுத் தண்ணீர் மட்டும்தான். காய்ச்சினால் அதன் சத்து செத்துப்போகும் என்பது அவர் கட்சி. ஊற்றுக்கண்ணில் ஆத்தா இருக்கிறாள், கண்ணை நேரே பார்க்கக் கூடாது என்று பலகைக்கல்லால் மூடி வைத்ததும் அவர் பங்காளிகள்தான். பங்குனியில் தவிர யாரும் அந்தக் கல்லை நகர்த்த மாட்டார்கள்.

"சருகு அடைச்சிருக்கும் புள்ள. எடுத்துவிட்டுட்டு வெரசா வந்துர்றேன்," என்று உள்ளே மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

சோலைக்குள் ஏற ஏற, மஞ்சு மரங்களை ஒவ்வொன்றாக விழுங்க, ஊறிய சருகு காலடியில் சத்தமில்லாமல் அமுங்க, எங்கோ சொட்டுகிற தண்ணீரோடு ஈக்களின் இரைச்சலும் சேர்ந்துகொள்ள, அந்தக் கம்பளி வாடை இனித்து, கனத்து, நாக்கில் வந்து உட்கார்ந்தது. இந்தக் குளிரில் ஈயா? நின்றார். திரும்பிப் பார்த்தார். வீடு இல்லை. வெறும் வெள்ளை.

பலகைக்கல் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. சேற்றில் குளம்புத் தடம்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் குழிக்குள் விட்டார். கண்ணைப் பார்க்கக் கூடாதே.

சருகு இல்லை. மயிர். மயிருக்குக் கீழே தோல். விரலோடு தோல் வழுக்கி வந்தது.

குழாய் வாயை அடைத்துக் கிடந்தது ஒரு கால். பிடித்து இழுத்தார். பொதுக்கென்று ஏதோ உடைந்தது. முழங்கைவரை வெதுவெதுப்பு. தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் குழாய்க்குள் பாய்ந்தது.

அப்போதுதான் பார்த்தார்.

காட்டுமாட்டுக் கன்று. ஊதிய வயிறு கிழிந்திருந்தது. அதிலிருந்து வந்ததையெல்லாம் தண்ணீர் கீழே இழுத்துக்கொண்டு போனது.

மஞ்சுக்குள், வீடு இருக்கிற திசையில், தண்ணீர் கல்லில் விழுந்தது. பிறகு சத்தம் மாறியது. சொம்பில் விழுகிற சத்தம்.

"குடிக்காத! ஏ புள்ள, குடிக்காத!"

"வந்துருச்சுங்க!" நேற்றிலிருந்து இல்லாத தெம்பு குப்பம்மாளின் குரலில். "தண்ணி வந்துருச்சு!"

ஓடப் பார்த்தார். வழுக்கியது. முகம் குழிக்கு நேரே விழுந்தது.

சொம்புச் சத்தம் நின்றது.

கன்றின் கண் திறந்தே இருந்தது. தண்ணீர் ஓட ஓட, அதன் இமை மெல்ல மூடியது. திறந்தது.

கீழே, மறுபடியும் சொம்பு நிறைகிற சத்தம்.