இன்னும் சொல்லப்படாத விபத்து

கீழ்ப்பாதி காலியாக இருக்க வேண்டும். படிக்கட்டு போல இறங்கும் அந்த அட்டவணையில் மேலே இருப்பவை தகவல் வந்து சேர்ந்த கார் விபத்துகள். கீழே இருக்க வேண்டியவை, நடந்து முடிந்தும் யாரும் இன்னும் வந்து சொல்லாதவை. அவற்றுக்கும் சேர்த்துக் கம்பெனி எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று மென்பொருளை ஓட்டிச் சொல்வதுதான் மக்பாலின் வேலை. இன்னும் ஓட்டவே இல்லை. அதற்குள் கீழே ஒரு கட்டத்தில் மட்டும் '1' வந்து உட்கார்ந்திருந்தது.

ஜனவரி மூன்றாம் தேதி, மதியம் மூன்றரை. அல்மாத்தி நகரம் முழுக்கப் புத்தாண்டு லீவு. ஆண்டறிக்கை என்ற பெயரில் இவள் மட்டும் ஐந்தாவது மாடியில் அகப்பட்டுக் கிடந்தாள். நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து ஜன்னலை அடைத்திருந்தன. சுவரோரம் வெந்நீர்க் குழாய் யாரோ நகத்தால் தட்டுவதைப் போல விட்டு விட்டுச் சத்தம் போட்டது. மென்பொருளை எழுதிய தஸ்தானுக்கு போன் போட்டாள்.

"அக்கா, லீவு நாள்ல கூட என்னைய விட மாட்டீங்களா? வாயில இறைச்சி இருக்கு."

"முழுங்கிட்டுப் பேசுடா. கீழ்ப்பாதியில ஒண்ணுன்னு வருது."

"வராதே! அது மொத்தமாத்தான் கணக்குப் போடும். ஆள் ஆளா ஜோசியம் சொல்ல நான் எழுதலையே. தட்டிப் பாருங்க."

தட்டினாள். ஒரு வரி விரிந்தது. கப்சகாய் சாலை. இன்றைய தேதி. மதியம் மூன்று ஐந்து. தலையில் அடி, இடப்பக்கம். ஓட்டுநர் மரணம். தகவல் வந்த நாள் என்ற இடம் மட்டும் காலி.

கார் எண் அவள் கணவன் சபித்தினுடையது.

தஸ்தான் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். துண்டித்துவிட்டுச் சபித்தைக் கூப்பிட்டாள். அவன் அம்மா வீட்டிலிருந்து குளிர்கால இறைச்சி ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில்தான் வந்துகொண்டிருந்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. வெளியே.

அந்த வரியை அழித்தாள். மொத்தம் குறையக் கூடாது என்று சொல்லி மென்பொருள் அதைத் திரும்ப வைத்தது. மூன்று முறை அழித்தாள். மூன்று முறையும் வந்தது.

அப்போதுதான் பதினொரு வருட வேலைப் பழக்கம் தலை தூக்கியது. தகவல் வராத வரை எதுவும் வெறும் மதிப்பீடு. மதிப்பீட்டை மாற்றலாம். குறைக்கத்தானே கூடாது? பகிரலாமே. தினமும் செய்கிற காரியம்தான். வேறொருவர் தலையில் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் பிரித்துவிட்டால் ஆளுக்கு ஒரு துளிகூட வராது. காப்பீடு எடுத்த நாற்பத்தோராயிரம் பேரையும் தேர்ந்தெடுத்தாள். 'சமமாகப் பகிர்.' அழுத்தினாள்.

கட்டம் காலியானது. குழாய்ச் சத்தம் நின்றது.

போன் அடித்தது. சபித்!

"என்ன இத்தன தடவ கூப்பிட்டிருக்க? லாரி ஒண்ணு குறுக்க வந்துச்சு, நூலிழையில தப்பிச்சேன். இடது புருவத்துக்கு மேல ஒரு கீறல். எங்க பட்டுச்சுன்னே தெரியல."

மக்பால் வாய்விட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

"அழாதடி. ஆனா இங்க ஒரு கூத்து. ரோட்ல எல்லாரும் வண்டிய நிறுத்திட்டு இறங்கி நிக்கறாங்க."

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கீழே சாலையில் ஹாரன் இல்லை. இரைச்சல் இல்லை. கார்கள் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருவர். ரொட்டி வண்டிக்காரர். டாக்ஸி ஓட்டும் பெண். குழந்தையை இடுப்பில் வைத்த ஒருவன். எல்லோருக்கும் இடது புருவத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. புகைக்குள் கண் எட்டும் வரை அப்படித்தான்.

ஒரே நேரத்தில் போனைக் காதுக்குக் கொண்டு போனார்கள்.

முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத மேஜைகளில், விபத்துத் தகவல் வாங்கும் அத்தனை தொலைபேசிகளும் அடித்தன. எடுக்கக் கூடாது. எடுத்தால் தகவல் வந்ததாகிவிடும். யாரும் எடுக்கக் கூடாது. ஓடினாள். ஒன்றின் வயரைப் பிடுங்கினாள். இன்னொன்று. லீவு நாளுக்கென்று வைத்த தானியங்கிக் குரல் முந்திக்கொண்டது. உங்கள் விபத்தைச் சொல்லுங்கள்.

சொன்னார்கள். ரொட்டி வண்டிக்காரர், டாக்ஸிப் பெண், எல்லோரும். எல்லா மேஜையிலிருந்தும் சபித்தின் குரல்.

"கப்சகாய் சாலை. மூணு அஞ்சு. ஓட்டிட்டு வந்தவன் செத்துட்டான்."

திரையில் அந்த வரி திரும்பி வந்தது. தகவல் வந்த நாள் என்ற காலியிடத்தில் இன்றைய தேதி விழுந்தது.

கையிலிருந்த போனில் அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான். "மக்பால்? என் குரல் உனக்குக் கேக்குதா? மக்பால்?"