நாற்பத்திரண்டு மைல்

உப்சாலா ரயில் நிலையத்தின் கடைசிப் பெட்டகத்தையும் திறக்கவைத்துத் தலையை உள்ளே நுழைத்தான் ராஸ்மஸ். யாரோ மறந்துபோன ஒற்றைக் கையுறை. வயலின் இல்லை.

மாலை ஏழு மணிக்கு ஸ்டாக்ஹோமில் ஆல்வாவின் முதல் தனிக் கச்சேரி. அவளை நம்பி இரவல் கொடுத்த பழைய வயலின், விடிவதற்குள் வீட்டிலிருந்து களவு போயிருந்தது. பத்து மணிக்கு அவள் மேலாளர் பெம்பர்ட்டனுக்கு ஒரு தொலைபேசி. மாற்றிய குரல், ஆங்கிலத்தில் இரண்டே வரி: "வயலின் நாற்பத்திரண்டு மைல் தூரத்தில். கச்சேரியை ரத்து செய்."

லண்டன்காரரான பெம்பர்ட்டன் வரைபடத்தில் அளந்து, உப்சாலாவில் விரலை வைத்தார். துப்பறிவாளர் குன்வோரின் உதவியாளன் ராஸ்மஸ் உடனே ரயிலேறிவிட்டான்.

மதியம் ஒரு மணிக்கு வெறுங்கையோடு ஸ்டாக்ஹோம் திரும்பினான். குன்வோர் நிதானமாக ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எதிரே பெம்பர்ட்டன், அழுது சிவந்த ஆல்வா, அவளை மணக்கப்போகும் ஜெஸ்பர் எக்மன். விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் வேலை அவனுக்கு. காலைப் பணி முடிந்து சீருடையோடு வந்திருந்தான்.

"ஊரைச் சுத்திப் பார்த்தாச்சா?" என்றார் குன்வோர்.

"கிண்டல் பண்ணாதீங்க. அவன் பொய் சொல்லியிருக்கான்."

"இல்ல, நிஜம்தான். உங்க அம்மா வீடு எவ்வளவு தூரம்?"

"பதினோரு மில்."

"கிலோமீட்டர்ல?"

"நூத்திப் பத்..." ராஸ்மஸுக்குப் பொறி தட்டியது. ஸ்வீடன்காரர்களுக்கு ஒரு மில் என்பது பத்து கிலோமீட்டர். ஆங்கிலம் பேசும்போது அதையே பழக்கதோஷத்தில் மைல் என்றுவிடுவார்கள்.

"அப்போ பேசினவன் எங்க ஊர்க்காரன் இல்ல," பெம்பர்ட்டன் பெருமூச்சு விட்டார். "என்மேல சந்தேகம் போச்சு."

"நானூத்தி இருபது கிலோமீட்டர். ஓஸ்லோ," என்றார் குன்வோர்.

"ஓஸ்லோ அம்பத்திரண்டு மில்லாச்சே. போன கோடையில நானே கார் ஓட்டிட்டுப் போனேன்," என்றான் ராஸ்மஸ்.

"ரோட்டுல அம்பத்திரண்டு. வானத்துல நாற்பத்திரண்டு. இங்க யாரைக் கேட்டாலும் ரோட்டுக் கணக்குதான் சொல்லுவாங்க. வானத்துக் கணக்கு வாயில வரணும்னா, அதைத் தினமும் மைக்ல அறிவிக்கிற ஆளா இருக்கணும். தூரம் நாற்பத்திரண்டு மில், பறக்கும் நேரம் ஒரு மணி."

ஜெஸ்பர் எழுந்தான். "எனக்கு அடுத்த விமானத்துக்கு நேரமாச்சு."

"உக்காருங்க. ஓஸ்லோ போலீஸ் வயலினைக் கண்டுபிடிச்சாச்சு. விமான நிலையத்துல பொருள் பாதுகாக்கிற இடத்துல இருந்தது. நாலு மணி விமானத்துல ஏறும். அஞ்சு மணிக்கு இங்க."

ஆல்வா இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த கணமே அவள் இடக்கை விரல்கள் மேசை விளிம்பில் சுரம் பிடிக்கத் தொடங்கின.

"இதுக்கு என்ன ஆதாரம்?" ஜெஸ்பரின் குரல் கீச்சிட்டது. "ஓஸ்லோவுக்கு ஆயிரம் பேர் பறக்கிறாங்க."

"பறக்கிறாங்க. ஆனா அங்க கொடுத்த சீட்டுல சொந்தக்காரர் பேர் எழுதணுமே." குன்வோர் ஆல்வாவைப் பார்த்தார். "எழுதியிருக்கிற பேர், ஆல்வா எக்மன்."

விரல்கள் நின்றன.

"நான் இன்னும் எக்மன் ஆகலையே," என்றாள் ஆல்வா, ஜெஸ்பர் பக்கம் திரும்பி.

"இந்தக் கச்சேரி ஜெயிச்சா நீ ஊர் ஊராப் போயிடுவே..." என்றான் அவன், தரையைப் பார்த்து.

"போவேன். எக்மனா இல்ல."