சாய்ந்த வாழைகள் எங்கே?

புத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் அலர்மேல்மங்கை நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு நகல் எடுக்க வருகிறவர்களைவிட, காணாமல் போனதைத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். வந்தவர் கதையை முடிப்பதற்குள் அவள் கணவன் தனசேகர் ஒரு திருடனைக் கண்டுபிடித்துவிடுவான். இதுவரை அவன் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்கூடத் திருடனாக இருந்ததில்லை. அதற்காக அவன் சோர்ந்ததும் இல்லை.

அன்று வந்தவர் வாழை விவசாயி சின்னசாமி.

"சூறக்காத்துல தோட்டமே சாஞ்சுபூட்ச்சும்மா, எல்லாம் பிஞ்சுக் கொல. நேத்து காலைல பொண்ணு ரக்ஷிதாவுக்குப் பூ வெச்சு நிச்சயம் பண்ணாங்க. மதியானம் நஷ்ட பரிஹாரம் எழுத தோட்டக்கல மேடம் வந்தாங்க. கூட்டிக்கினு போய்ப் பாத்தா, சாஞ்ச மரம் ஒண்ணுகூட இல்ல, வெறும் அடிக்கட்டதான் கீது! 'சுத்தமா கீதே, நஷ்டம் எங்க?'ன்றாங்க. இன்னைக்கு சாயங்காலம் கடைசியா வராங்க. பரிஹாரம் வரலன்னா மறுநடவு கெடையாது. தோட்டத்த குத்தகைக்கு வுட வேண்டியதுதான்."

"பூ வெச்சது நல்லபடியா நடந்துச்சா?" என்று கேட்டாள் அலர்மேல்மங்கை. இது இப்போது ரொம்ப அவசியம் என்று நினைத்துக்கொண்டான் தனசேகர்.

"ஜோரா நடந்துச்சு. மாப்பிள்ள திலீப்பு, ஸ்ரீசிட்டி கம்பெனில வேல, தங்கமான புள்ள. முந்தின நாளே வந்து தோட்டத்தப் பாத்து கலங்கிப் பூட்டாரு. என்ன, நான் எடுத்துக் குடுத்த வெள்ளச் சட்டைய போடாம கம்பெனி சட்டையில வந்துட்டாரு. அதான் வருத்தம்."

தோட்டத்துக்குப் போனதும் தனசேகருக்குத் திருடன் கிடைத்துவிட்டான். "பக்கத்து நெலத்து ஆதிகேசவன்தான்! ரெண்டு பேருக்கும் வரப்புச் சண்ட கீது!"

அலர்மேல்மங்கை தோட்டத்துக்குள் இறங்கினாள். வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்தாள். ஒவ்வொரு கட்டையின் பக்கத்திலும் கன்று நிமிர்ந்து நின்றது. அதன் அடியில் புது மண் அணைத்திருந்தது.

பிறகு எல்லாரையும் மோட்டார் கொட்டகைக்கு வரவழைத்தாள். ஆதிகேசவன் முறைத்துக்கொண்டே வந்தார். திலீப் கம்பெனியில் சொல்லிவிட்டு ஓடி வந்தான்.

"பிஞ்சுக் கொலைக்கு மார்க்கெட்டுல வெல கெடையாது. அதனால இது திருட்டு இல்ல. ஆகாதவன் வந்திருந்தா கன்னுங்கள மிதிச்சிருப்பான். இவுரு மண்ணு அணைச்சிட்டுப் போயிருக்காரு. இந்தத் தோட்டம் நல்லா இருக்கணும்னு நெனைக்கிறவரு. வாழ வெட்டினா கறை படும், எத போட்டுத் தொவச்சாலும் போவாது. திலீப்பு, மாமனாரு குடுத்த வெள்ளச் சட்ட எங்க?"

திலீப்பின் தலை கவிழ்ந்தது. "கொல தள்ளின வாழ சாஞ்சு கெடக்குற வூட்ல பொண்ணு எடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும். பூ வெக்க வந்து பாத்தா கல்யாணமே நின்னுபூடுமோன்னு பயம். மாமா வூட்ல எழுந்திருக்கறதுக்குள்ள வுடிகாலைலயே பசங்களோட வந்து வெட்டி, ஏரிக்கரைக்குப் பின்னால போட்டுட்டேன். அவசரத்துல அந்த வெள்ளச் சட்டையோடவே வெட்ட வந்து கறையாயிடுச்சு, அதான் பூ வெக்க கம்பெனி சட்டைய மாட்டிக்கினு வந்தேன். மேடம் வருவாங்கன்னு தெரியாது மாமா."

சின்னசாமிக்குக் கோபப்படவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை. ரக்ஷிதா அதற்குள் போனை எடுத்துத் திலீப்பின் அம்மா வள்ளியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திலீப்புக்கு உயிரே போய்விட்டது.

சாயங்காலம் தோட்டக்கலை அலுவலர் உதயா ஜீப்பை நிறுத்தியபோது ஏரிக்கரையிலிருந்து ஓர் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. எல்லார் தோளிலும் வாழை. முதல் மரத்தை ஒரு பக்கம் ஆதிகேசவனும் மறு பக்கம் தனசேகரும் சுமந்தார்கள். தனசேகர் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். ஆட்டோவில் வந்து இறங்கிய வள்ளியம்மாள் மகனின் காதைத் திருகினாள்.

"சாஞ்சது மரம்தானேடா? பொண்ணு நிமிந்துதான நிக்கிறா?"

உதயா ஒவ்வொரு மரத்தையும் அதன் கட்டையோடு வெட்டுக்கு வெட்டு பொருத்திப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. "நஷ்டம் எழுதிக்கறேன். விவசாயி மரத்துக்குப் பக்கத்துல நில்லுங்க" என்று போனை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம் மேடம்!" என்ற சின்னசாமி திலீப்பை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ரக்ஷிதா வற்புறுத்திப் போடவைத்த வெள்ளைச் சட்டை அவன் மேல் இருந்தது. கறை மார்பு முழுக்கப் பரவியிருந்தது.

"கல்யாணத்துக்கும் இதையே போட்டுக்கோ மாப்பிள்ள" என்றார் சின்னசாமி.